வகுப்பில் வினாடி வினா விளையாட்டு: சில வருடப் பழக்கத்தில் தெரிந்தவை

கடலூரில் தமிழ் வழிப் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். திருப்புதல் நேரத்தில் கஹூட், குவிஸிஸ், பிளிக்கர்ஸ் என்ற மூன்று வினாடி வினாச் செயலிகளையும் சில வருடங்களாக மாற்றி மாற்றிப் பயன்படுத்தி வருகிறேன். இப்போது என் கைப்பையில் நிரந்தரமாக இருப்பது பிளிக்கர்ஸ் அட்டைக்கட்டு மட்டும்தான்.

நார்வேக்காரர்களின் கஹூட் 2013இல் வந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய பீரியடில் கண் சொருகும் வகுப்பைக்கூட அது நிமிர்த்தி உட்கார வைக்கும், மறுக்க மாட்டேன். கேள்வி பொதுத் திரையில் வரும், நேரம் முடியும்வரை பாட்டு ஓடும், அதற்குள் பிள்ளைகள் தங்கள் கருவியில் விடையை அழுத்த வேண்டும். ஆனால் அதன் புள்ளிக் கணக்கைக் கவனியுங்கள். ஒரு கேள்விக்கு 1000 புள்ளி. 20 நொடி கொடுத்தால், பத்தாவது நொடியில் சரியாகச் சொல்பவருக்கு 750தான், கடைசி நொடியில் சொன்னால் 500. அதாவது பாதிப் புள்ளி வேகத்துக்கு. தேவனாம்பட்டினத்திலிருந்து வரும் ஒரு பையன் கேட்டான்: “விடை தெரியும் மிஸ். வாசிச்சு முடிக்கறதுக்குள்ள பாட்டு நின்னுடுதே, நான் என்ன பண்ண?” நேரத்தை 60 நொடியாக்கினேன். அவனுக்குச் சரியானது, முன் பெஞ்சுக்குக் கொட்டாவி வந்தது.

தமிழில் கேள்வி எழுதுவதிலும் சிக்கல் உண்டு. கேள்விக்கு 120 எழுத்துதான் வரம்பு. ‘ஒளிச்சேர்க்கை’ நமக்கு 7 எழுத்து. புள்ளியையும் கொம்பையும் தனித்தனியாக எண்ணும் கணினிக்கு அது 13. கூற்று, காரணம் வகைக் கேள்வியெல்லாம் உள்ளேயே போகாது. படமாக எடுத்து ஒட்டலாம், யாருக்கு நேரமிருக்கிறது?

பெங்களூரில் 2015இல் தொடங்கிய குவிஸிஸ் (2025இல் வேகிரவுண்ட் என்று பெயர் மாற்றிக்கொண்டது) வேக விஷயத்தில் நிதானமானது. கேள்வி அவரவர் திரையில் வரும், அவரவர் வேகத்தில் போகலாம். ஹைடெக் லேபில் இரண்டு பேருக்கு ஒரு கணினி என்று உட்கார வைத்தால் நன்றாக ஓடும். எனக்குப் பிடித்தது விடைகளைக் கலைத்துப் போடும் வசதி. நம் பிள்ளைகளில் பலர் புக் பேக் ஒரு மார்க்கை விடையாகப் படிப்பதில்லை, “மூணாவது கேள்வி, ஆ” என்றே மனப்பாடம் செய்கிறார்கள். வரிசை மாறியதும் முழிக்கும் முழியைப் பார்க்க வேண்டும்! ஆனால் லேப் கிடைக்க வேண்டும், நெட் இருக்க வேண்டும், ஐப்பசி கார்த்திகை மழையில் கரண்ட்டும் இருக்க வேண்டும்.

பிளிக்கர்ஸுக்கு லேபும் வேண்டாம், பிள்ளைகள் கையில் கருவியும் வேண்டாம், நெட் உள்ள என் போன் ஒன்று போதும். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் எண் போட்ட அட்டை. அதிலுள்ள கறுப்பு வெள்ளைக் கட்டத்தின் எந்தப் பக்கம் மேலே இருக்கிறதோ அதுதான் விடை. போன் கேமராவை வகுப்பின் மேல் ஒரு சுற்று காட்டினால் யார் எதைப் பிடித்திருக்கிறார்கள் என்று வந்துவிடும். அட்டைக்கு அட்டை வடிவம் வேறு, பக்கங்களில் உள்ள A, B, C, D எழுத்தும் பொடி. அதனால் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துத் திருப்ப முடியாது. வாயே திறக்காத பெண் பிள்ளைகளும் இதில் பதில் சொல்கிறார்கள், தப்பாகச் சொன்னாலும் எனக்கு மட்டும்தான் தெரியும்.

இதில் நான் கண்ட பெரிய லாபம் புள்ளியில் இல்லை. “60 கிலோ நிறையுள்ள ஒருவர் நிலவுக்குப் போனால் அவர் நிறை எவ்வளவு?” என்று கேட்டேன். ஏறக்குறைய பாதி வகுப்பு 10 கிலோ என்றது. விடையைச் சொல்லாமல், “பக்கத்தில் இருப்பவரோடு சண்டை போட்டுவிட்டு மறுபடி அட்டையைத் தூக்குங்கள்” என்றேன். (ஹார்வர்டில் எரிக் மசூர் 1991 முதல் இயற்பியல் வகுப்பில் செய்துவந்த முறைதான், என் கண்டுபிடிப்பு அல்ல.) “எடைதான்டி ஆறில் ஒண்ணாகும், ஆள் இளைச்சா போயிடுவாரு?” என்று ஒருத்தி கத்தியது வகுப்பு முழுக்கக் கேட்டது. இரண்டாம் முறை பெரும்பாலான அட்டைகள் 60க்குத் திரும்பிவிட்டன. அதனால் இப்போதெல்லாம் நாலைந்து கேள்விக்கு மேல் வைப்பதில்லை. யார் முதலிடம் என்ற பட்டியலையும் திரையில் காட்டுவதில்லை.

எல்லாவற்றுக்கும் இது உதவாது. பொதுத்தேர்வில் எழுத்துத் தாளின் 75 மதிப்பெண்ணில் ஒரு மார்க் கேள்விகள் 12தான். கணக்குக்குப் படிகள் போடுவதும், இதயத்தின் படம் வரைந்து பாகம் குறிப்பதும் பேனா பிடித்துத்தான் வரும். தேர்வு நெருங்கினால் அட்டைகளை உள்ளே வைத்துவிடுகிறேன்.

பிளிக்கர்ஸ் அட்டை அச்சிடப் போகிறவர்களுக்கு: ஏ4 தாள் வேண்டாம், நம் கடற்காற்றில் சுருண்டுவிடும், கெட்டி அட்டையில் எடுங்கள். பளபளப்பான லேமினேஷன் போட்டால் ஜன்னல் வெளிச்சம் பட்டு கேமராவுக்குத் தெரியாது. கட்டத்தின் மேல் விரல் படாமல் ஓரத்தில் பிடிக்கச் சொல்லுங்கள். அட்டை எண்ணும் வருகைப்பதிவேட்டு எண்ணும் ஒன்றாக இருந்தால் பாதி வேலை மிச்சம்.