அம்பாசடர், மாருதி 800: பழைய வண்டி வாங்குவோருக்கு

இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனத்தின் அம்பாசடர் 1958இல் வந்தது. மாருதி 800 வந்தது 1983 டிசம்பரில். இரண்டின் உற்பத்தியும் 2014இல் நின்றுபோனாலும், இன்றும் பழைய வண்டி தேடுவோர் முதலில் விசாரிப்பவை இவையே. விலையையும் தோற்றத்தையும் ஒப்பிடுவதற்கு முன், வண்டியைப் பார்த்துக்கொள்ளத் தமக்கு யார் இருக்கிறார்கள் என்பதை வாங்குபவர் யோசிக்க வேண்டும் என்பேன்.

மாரிஸ் ஆக்ஸ்போர்டு என்ற பிரிட்டிஷ் காரைத் தழுவிய அம்பாசடர், ஓட்டுநரும் மெக்கானிக்கும் பக்கத்திலேயே இருந்த காலத்து வண்டி. முன்சக்கர இணைப்புகளுக்குத் தவறாமல் கிரீஸ் அடிக்காவிட்டால் ஸ்டியரிங்கில் ஆட்டம் கண்டு, டயர் ஒருபக்கமாகத் தேயும். 1489 சிசி பெட்ரோல் வண்டிகளில் கியர் ஸ்டியரிங்கை ஒட்டியே இருக்கும்; அதன் இணைப்புகளில் உள்ள புஷ்கள் (தேய்மானத்தைத் தாங்கும் சிறு வளையங்கள்) தேய்ந்துவிட்டால் கியர் எங்கே விழுகிறது என்று தேட வேண்டியிருக்கும் என்பதால், வாங்குமுன் என்ஜினை அணைத்துவிட்டு எல்லா கியரையும் போட்டுப் பாருங்கள். இத்தனைக்கும் ஈடாக அது தருவது பின்சீட்டு. கால் நீட்டி உட்கார்ந்து, மோசமான சாலையிலும் அலுப்பில்லாமல் ஊர்போய்ச் சேரலாம்; முதியவர்களுக்கு இதைவிட வசதியாக ஏறி இறங்கக்கூடிய பழைய வண்டியை நான் பார்த்ததில்லை. பாகங்களுக்குச் சென்னையில் புதுப்பேட்டை இருக்கிறது. சிறிய ஊர்களில் அலைய வேண்டும்.

மாருதி 800, சொந்தக்காரரே ஓட்டுவதற்கென்று வந்தது. மூன்று சிலிண்டர், 796 சிசி என்ஜின் சிறியதுதான். ஆனால் வண்டி அம்பாசடரைவிட மிகவும் எடை குறைந்தது என்பதால் நகர நெரிசலில் சுறுசுறுப்பாக ஓடும், ஸ்டியரிங்கும் லேசாகத் திரும்பும். முதன்முதலாகக் கார் ஓட்டப் பழகுபவருக்குத் தயங்காமல் இதைச் சொல்வேன். ஏசியைப் போட்டுக்கொண்டு நான்கு பேருடன் மலையேறும்போது மட்டும் திணறும். வாங்குமுன் கால்மிதியைத் தூக்கித் தரைத்தகட்டில் துரு உண்டா என்று கட்டாயம் பாருங்கள். என்ஜின் வால்வுகளைச் சரியான நேரத்தில் இயக்கும் டைமிங் பெல்ட் எப்போது மாற்றப்பட்டது என்பதற்கு ரசீது இல்லையென்றால், வாங்கிய உடனே மாற்றிவிடுங்கள்.

வீட்டுக்கு ஒரே வண்டி என்றால் மாருதிதான். நம்பகமான பழைய மெக்கானிக் அருகில் இருந்து, டிங்கரிங் (தகடு சீர்செய்யும்) செலவையும் தாங்க முடியுமானால் அம்பாசடரை எடுக்கலாம். நான் இங்கே பேசும் அந்தக் காலத்து வண்டிகள் இரண்டிலும் ஏர்பேக் கிடையாது; ஆகவே குழந்தைகளோடு அன்றாடம் நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்கு இரண்டையுமே நான் பரிந்துரைக்கமாட்டேன்.