அளவுமானிக்குள் எந்தக் காந்தம்: அல்னிக்கோவா, சமாரியம்–கோபாற்றா, நியோடிமியமா?

திருகோணமலையில் படகுத் திருத்தகங்களிலும் இயந்திர அறைகளிலும் ஊசி அசையும் அம்பியர்மானிகள் இன்னும் பாவனையில் உள்ளன. அவற்றுக்குள் இருக்கும் காந்தம் எவ்வளவு வலியது என்று கேட்பவர்கள் பலர். அந்த வலிமை மாறாமல் நிற்குமா என்று கேட்பவர்கள் சிலரே. அளவுமானிக்கு இரண்டாவது கேள்விதான் முக்கியமானது.

இரும்போடு அலுமினியம், நிக்கல், கோபாற்று சேர்ந்த அல்னிக்கோ, 1931 இல் யப்பானில் மிஷிமா கண்டறிந்த கலப்புலோகத்தின் வழிவந்தது. அதன் எச்சக் காந்தப்புலம் (காந்தமாக்கிய பின் தானாக எஞ்சி நிற்கும் புலம்) ஏறத்தாழ 1.2 தெசுலா என்பதால், அந்த ஓர் எண்ணை மட்டும் பார்த்தால் நியோடிமியம்–இரும்பு–போரன் காந்தத்துக்கு (சுருக்கமாக நியோடிமியம்) அது அதிகம் பின்தங்கியதல்ல. ஆனால் காந்தத்தன்மையை இழக்க வைப்பது மிக எளிது. முனைகளை மென்னிரும்புத் துண்டால் இணைக்காமல் அல்னிக்கோக் காந்தமொன்றை நான் ஒருமுறை கழற்றிவிட்டேன். திரும்பப் பூட்டிய பிறகு அந்த மானி பழைய அளவைக் காட்டவேயில்லை. சமாரியம்–கோபாற்றும் (சுருக்கமாகச் சமாரியம்) நியோடிமியமும் இவ்வகையில் பிடிவாதமானவை, எளிதில் காந்தத்தன்மையை இழக்கமாட்டா. ஆகவே அவற்றைச் சிறு வில்லைகளாகவே வைத்துவிடலாம். அல்னிக்கோவுக்கோ நீளம் வேண்டும்.

வெப்பத்தில் கதை தலைகீழாகிறது. ஒரு பாகை செல்சியசுக்கு அல்னிக்கோ 0.02 சதவீதமும், சமாரியம்–கோபாற்று ஏறத்தாழ 0.04 சதவீதமும், நியோடிமியம் ஏறத்தாழ 0.12 சதவீதமும் புலத்தை இழக்கின்றன. மாரிகாலத்து விடியலுக்கும் கச்சான் காற்று வீசும் நண்பகலுக்கும் இடையே 10 பாகை வேறுபாடு என்று கொண்டால், நியோடிமியத்தில் மட்டும் புலம் 1 சதவீதத்துக்கு மேல் குறைந்துவிடும். இங்கே ஒரு சுவையான விடயமும் உண்டு: இயங்குசுருள் மானியில் (காந்தப்புலத்தில் சுருள் திரும்பி ஊசியை அசைக்கும் இத்தகைய அம்பியர்மானியில்) ஊசியைத் திருப்பி இழுக்கும் வில்லும் சூட்டில் பாகைக்கு ஏறத்தாழ 0.04 சதவீதம் தளர்வதால், காந்தம் இழப்பதை அது ஓரளவு ஈடுசெய்கிறது. சமாரியத்தோடு இந்தக் கணக்கு ஏறக்குறைய நேராகிவிடுகிறது.

வீட்டு மின்பாவனையை அளக்கும் சுழல்தட்டு மின்மானியில் இத்தகைய தயவு கிடையாது. காந்தம் தட்டைத் தடுக்கும் விசை புலத்தின் வர்க்கத்துக்கு விகிதசமம் என்பதால், காந்தம் 1 சதவீதம் தளர்ந்தால் தட்டு ஏறத்தாழ 2 சதவீதம் வேகமாகச் சுழலும். அம்பியர்மானியில் தளர்ந்த காந்தம் குறைத்துக் காட்டும். மின்மானியிலோ கூட்டிக் காட்டும், அதற்குப் பணம் கட்டுபவர் பாவனையாளர்.

உப்புக்காற்றைச் சொல்லாமல் விடமுடியாது. நியோடிமியத்தின் நிக்கல் பூச்சில் கீறல் விழுந்தால் துரு உள்ளே புகுந்து காந்தத்தைப் பொடியாக்கும். சமாரியம் துருவுக்கு நன்றாகத் தாக்குப்பிடிக்கும் என்றாலும் விலை கூடியது. கீழே விழுந்தால் கண்ணாடிபோல் உடையும்.

என் தெரிவு இதுதான்: பழைய மானிக்கு அல்னிக்கோவே போதும், இடம் குறுகிய புதிய மானிக்குச் சமாரியம். நியோடிமியத்தை ஒலிபெருக்கியோடு விட்டுவிடலாம். அந்த ஒலிபெருக்கியையும் படகின் திசைகாட்டிக்கு அருகே வைக்கவேண்டாம்.