கோடப்பமந்து கால்வாய்: மூடுவதா, சுவர் கட்டுவதா, ஓடையாக விடுவதா?

ஊட்டியில் ஊர் நடுவே ஓடி ஏரியில் போய் விழும் கோடப்பமந்து கால்வாயை என்ன செய்யலாம் என்று பேச்சு எடுத்தால் மூன்று கட்சி உருவாகிவிடும். சிலாப் போட்டு மூடு, மேலே வண்டி நிறுத்தலாம் என்பது முதல் கட்சி. இரண்டு பக்கமும் நல்ல சுவர் கட்டி, கைப்பிடி வைத்து, நடைபாதையும் விளக்கும் போடு என்பது இரண்டாவது. ஓடையைத் திரும்ப ஓடையாக்கி அதைச் சுற்றிப் பூங்கா வை என்று சொல்கிறவர்கள் கொஞ்சம் பேர்தான். நான் அந்தக் கூட்டம், ஆனால் முழு நீளத்துக்கும் அப்படிச் செய்ய முடியும் என்று நினைக்கவில்லை. (மந்து என்றால் எருமை வளர்க்கும் தோடர் பழங்குடியினரின் குடியிருப்பு. எருமைகள் தண்ணீர் குடித்திருக்கும் ஓடையை இன்று எல்லோரும் கால்வாய் என்கிறோம், கொஞ்சம் கோபமாக இருந்தால் சாக்கடை என்கிறோம்.)

மூடுகிற யோசனையின் ஈர்ப்பு எனக்கும் புரிகிறது. மே மாதம் சேரிங்கிராஸ் சந்திப்பில் ஒரு காரைத் திருப்ப முயன்றவர்களுக்கு எல்லாருக்கும் புரியும். ஆனால் இதைச் செய்து பார்த்து, பிறகு உடைத்து எடுத்த ஊர் ஒன்று இருக்கிறது. தென்கொரியாவின் சியோலில் சொங்கேசொன் ஓடையை 1950களின் இறுதியிலிருந்து கான்கிரீட் போட்டு மூடினார்கள், அதன் மேல் உயர்மட்டச் சாலையும் கட்டினார்கள், கடைசியில் எல்லாவற்றையும் பெயர்த்து 2005இல் 5.8 கிலோமீட்டருக்கு ஓடையைத் திறந்துவிட்டார்கள். நம் ஊரில் இன்னொரு சிக்கலும் உண்டு. சரிவில் கேரட்டும் உருளைக்கிழங்கும் போட்ட நிலத்திலிருந்து ஒரு பெருமழைக்கு மண் கொட்டோ கொட்டென்று இறங்கும். திறந்த கால்வாய் என்றால் மெஷின் நின்று அள்ளலாம். மூடிவிட்டால் உள்ளே யார் இறங்குவது? மனிதக் கழிவை அள்ள ஆள் இறக்கக் கூடாது என்று 2013இலேயே சட்டம் வந்துவிட்டது, இதில் ஓடுவதோ பாதி கழிவுநீர்.

சியோல்காரர்களைப் பார்த்து அப்படியே செய்யலாமா என்றால் அதுவும் இல்லை. அங்கே ஓடுகிற தண்ணீரில் பெரும்பகுதி பம்ப் செய்து விடுவது, நாளொன்றுக்கு சுமார் 1,20,000 டன், முக்கியமாக ஹான் ஆற்றிலிருந்து. பார்க்க அழகு, கரண்ட் பில் கட்டுவது நிற்கிற நாளில் ஓடையும் நின்றுவிடும்.

சுவர் கட்சிக்கு உதாரணம் அகமதாபாத்தின் சபர்மதி. ஆற்றை ஒரே சீராக 263 மீட்டர் அகலத்துக்கு ஒடுக்கி, இரு கரையிலும் நடைபாதை போட்டார்கள், தண்ணீர் நர்மதா கால்வாயிலிருந்து வருகிறது. மாலையில் காற்று வாங்க அருமையான இடம்தான், மறுக்கவில்லை. ஆனால் அது சமவெளி ஆறு. நீலகிரி மழை வேறு ரகம்: 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் கொட்டியது. ஊட்டி நகரத்தில் அவ்வளவு பெய்யாது, ஆனாலும் சரிவிலிருந்து வருகிற தண்ணீருக்கு வழவழப்பான சுவரைக் கட்டிக் கொடுத்தால் அது இன்னும் வேகம் எடுத்து, கீழே பேருந்து நிலையத்துப் பக்கம் வந்து மொத்தமாகப் பரவும்.

எனக்குப் பிடித்தது சிங்கப்பூரின் பீஷான் பூங்கா. அங்கே 2.7 கிலோமீட்டர் நேர்கோட்டு கான்கிரீட் வாய்க்கால் ஒன்று இருந்தது. அதை உடைத்து, கல்லும் வேர்பிடிக்கும் செடியும் வைத்துக் கரையைக் கட்டி, வளைந்து போகும்படி விட்டதும் 3.2 கிலோமீட்டர் ஆனது. 2012இல் திறந்தார்கள். சாதாரண நாளில் சின்ன ஓடை, பிள்ளைகள் காலை நனைத்துக்கொண்டு விளையாடலாம். மழை வந்தால் அகலம் 100 மீட்டர் வரை விரியும், புல்வெளியே ஆறாகிவிடும். தண்ணீர் மட்டத்தைப் பார்க்கும் கருவியும் எச்சரிக்கை விளக்கும் சைரனும் வைத்திருக்கிறார்கள், ஆட்கள் மேட்டுக்கு ஏறிவிட வேண்டும், அவ்வளவுதான்.

100 மீட்டருக்கு ஊட்டியில் எங்கே போவது என்று கேட்பீர்கள். மார்க்கெட் பக்கம், கடைகளுக்கு நடுவே, நிச்சயமாக முடியாது. அங்கே இருக்கிற சுவரைச் சரிசெய்து, மூடாமல் விட்டாலே போதும். இடம் இருப்பது கீழே, குதிரைப் பந்தய மைதானத்தில். 2024இல் அரசு அந்த 52 ஏக்கரைக் கையில் எடுத்து, பூங்கா வரும் என்று சொன்னது. அந்த மைதானமே பழைய ஏரிதான்! 1824 வாக்கில் அப்போதைய கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சலிவன் வெட்டத் தொடங்கிய ஏரி இன்றைக்கு இருப்பதைவிடப் பெரியது. அதன் மேல்பகுதியைத் தூர்த்துத்தான் பந்தய மைதானமும் பேருந்து நிலையமும் வந்தன. அதனால் அங்கே மழைத்தண்ணீர் தேங்கினால் ஐயோ வெள்ளம் என்று பதறுவதில் அர்த்தமில்லை, பழைய வீட்டுக்குத் திரும்பி வருகிறது. அந்தத் தாழ்வில் நாணலும் புல்லும் வளர்ந்த சதுப்பு ஒன்று இருந்தால் மண் அங்கேயே படியும், ஏரிக்குப் போகிற தண்ணீரும் கொஞ்சம் தெளியும். தோடர்கள் கோயில் கூரை வேயும் புல்கூட சதுப்பில் வளர்வதுதான். அதை நடலாமே, ஓடையோரம் எல்லாம் பரவிக் கிடக்கும் வெள்ளை லில்லியை மறுபடி நட்டு அழகு பார்க்க வேண்டாம், அது வெளிநாட்டுக் களை.

ஆனால் வீட்டுக் கழிவுநீர்க் குழாய்கள் கால்வாயை விட்டுப் பாதாளச் சாக்கடைக்குத் திரும்பாதவரை மேலே சொன்ன எதுவும் நாறத்தான் செய்யும். சதுப்பு ஓரளவுதான் வடிகட்டும், ஊர்க் கழிவு முழுவதையும் அதன் தலையில் கட்டினால் ஒரே சீசனில் செத்துப்போகும். வேலையை அங்கிருந்து தொடங்கினால் அடிக்கல் நாட்டிப் படம் எடுக்க ஒன்றும் இருக்காது, அதனால்தான் எல்லோரும் நடைபாதையிலிருந்து தொடங்குகிறார்கள்.

பூங்காவின் வரைபடம் கைக்குக் கிடைத்தால், மழைத்தண்ணீர் நிற்க எத்தனை ஏக்கர் விட்டிருக்கிறார்கள் என்று முதலில் பார்ப்பேன். நீரூற்றும் செல்ஃபி பாயின்ட்டும் அப்புறம்.