புல்கெண்டைக் குடலில் நாடாப்புழு: புதுச்சேரி மீன்நோய் ஆய்வகச் சேவை பற்றிய மதிப்புரை

பாகூர்ப் பக்கத்தில் உள்ள எங்கள் பண்ணைக் குட்டையில் புல்கெண்டை விரலிகள் (விரலளவு மீன்குஞ்சுகள்), தீவனம் குறைவில்லாமல் இட்டும் உடல் மெலிந்து கரையோரம் ஒதுங்கத் தொடங்கியதால், புதுச்சேரியிலுள்ள தனியார் மீன்நோய் ஆய்வகம் ஒன்றை நாடினேன். குறைகளும் சொல்ல வேண்டியிருப்பதால் பெயரைக் குறிப்பிடவில்லை.

இறந்த மீனை அவர்கள் வாங்க மறுத்ததை முதலில் பாராட்ட வேண்டும். மீன் செத்த சிறிது நேரத்திலேயே குடலின் உட்சுவர் தானாகச் சிதைந்துவிடுவதால், பிறகு நுண்ணோக்கியில் பார்க்க மெல்லியதாகச் சீவி எடுக்கும் திசு வெட்டை நம்ப முடியாது. ஆக்சிஜன் நிரப்பிய பையில் ஆறு மீன்களை உயிருடன் கொண்டு சென்றேன். ஒன்றை என் கண்முன்னே அறுத்துக் குடலின் முன்பகுதியைத் திறந்தபோது, வெண்ணிற நாடாப்புழுக்கள் திரளாக அடைத்திருந்தன. ஆய்வாளர் அவற்றைச் சூடான நீரில் தளர்த்திய பிறகே ஃபார்மலினில் இட்டார். நேராக இட்டால் புழு சுருங்கி, இனங்காண உதவும் தலையின் வடிவம் கெட்டுவிடும் என்றார்.

அந்தத் தலையை நுண்ணோக்கியில் காட்டி விளக்கியதற்கே நான் கொடுத்த கட்டணம் தகும். இதய வடிவில், இருபுறமும் ஆழ்ந்த பள்ளங்களோடு அது தெரிந்தது. கொக்கிகள் இல்லை, பள்ளங்களாலேயே குடலின் மடிப்பைக் கவ்விக்கொள்கிறது. வாயோ குடலோ இல்லாத இப்புழு, உடற்பரப்பிலுள்ள மிக நுண்ணிய நீட்சிகளின் வழியே மீன் செரித்த உணவை உறிஞ்சுகிறது. 1934இல் ஜப்பானிய அறிஞர் யமகுட்டி விவரித்த ஆசிய நாடாப்புழு இதுவே.

இதன் வளர்ச்சியை அறிந்தபோதுதான் என் தவறு புரிந்தது. மீனின் கழிவோடு நீரில் விழும் மூடியுள்ள முட்டையிலிருந்து, ஆறு கொக்கிகளும் நீந்த உதவும் மயிரிழைகளும் கொண்ட இளம்பருவம் வெளிவருகிறது. நீர் வெதுவெதுப்பாக இருந்தால் இது விரைவாகவே நடக்கும். நீரில் மிதந்து வாழும் சைக்ளாப்ஸ் என்னும் நுண்ணிய ஓட்டுயிரி அதை விழுங்க, அதன் உடற்குழியில் அடுத்த பருவம் உருவாகிறது. அந்தச் சைக்ளாப்ஸை மீன் தின்றால் குடலில் புழு முதிர்கிறது. சாணம் கரைத்துவிட்டு மிதவை உயிரிகளைப் பெருக்குவது நம் வழக்கம். விரலிகளுக்கு இரையாக நான் வளர்த்த சைக்ளாப்ஸே புழுவையும் சுமந்திருக்கிறது.

இவ்வளவு தெரிந்தவர்கள் குட்டை நீரின் மாதிரியைக் கேட்கவில்லை என்பது பெரிய குறை. நானே மெல்லிய வலையில் அரித்துக் கொண்டுபோன பிறகுதான் சைக்ளாப்ஸைப் பார்த்தார்கள். ஒளி ஊடுருவும் அதன் உடலுக்குள் இளம்பருவம் தெளிவாகத் தெரிந்தது. திசு வெட்டு அறிக்கை மூன்று வாரம் தாமதமாக வந்தது. அதிலிருந்த படங்களில் உண்மையான அளவைக் காட்டும் அளவுகோடு இல்லாததால் முட்டையின் அளவை வேறெங்கும் ஒப்பிட முடியவில்லை. பிராசிகுவான்டல் என்று மருந்தின் பெயர் மட்டும் இருந்தது. தீவனத்தில் எவ்வளவு கலப்பது என்பதைத் தொலைபேசியில் கேட்டே பெற்றேன்.

குட்டையை வற்றவைத்துச் சுண்ணாம்பு இட்டிருக்கிறேன். அடுத்த விரலிகளை விடுவதற்கு முன், நீர் மாதிரியோடு அதே ஆய்வகத்துக்கே செல்வேன். அளவுகோடு உள்ள படங்களை முன்கூட்டியே எழுதிக் கேட்பேன்.