ஸ்மாராக் செயலி: சங்ககிரிக்குச் சரி, ஏற்காட்டுக்குப் போதாது

சங்ககிரிக் கோட்டை மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. பக்கத்தில் மனை இருந்தால் கடைக்கால் தோண்டும் முன் ஸ்மாராக் செயலியைப் பார்த்துவிடுங்கள். மனையின் மூலைகளில் நின்று இடத்தைப் பதிந்தால், இஸ்ரோவின் புவன் வரைபடத்தோடு பொருத்தி, கோட்டையைச் சுற்றிய எந்தக் கட்டுப்பாட்டு வளையத்தில் மனை இருக்கிறது என்று சொல்லிவிடும். 100 மீட்டருக்குள் புதுக்கட்டடமே கூடாது. 1992 ஜூன் 16-க்கு முன்பே இருந்த வீட்டைப் பழுதுபார்க்கலாம், அதற்கும் அனுமதி வேண்டும். அடுத்த 200 மீட்டரில் தேசிய நினைவுச்சின்ன ஆணையத்தின் பரிந்துரையோடு கட்டலாம்.

அளப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். தூரக்கணக்கு மலையுச்சியிலிருந்து அல்ல, பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து. சங்ககிரியில் மதிலும் வாசலும் அடிவாரத்திலேயே தொடங்கிவிடும். போன் ஜிபிஎஸ் ஐந்து, பத்து மீட்டர் ஆடும். 96 என்றோ 104 என்றோ காட்டினால் அதை நம்பிக் கம்பி வாங்காதீர்கள். சர்வேயரை வைத்து அளப்பது நல்லது.

அடுத்த சிக்கல் உயரம். பிளானில் தளம்வரை 7 மீட்டர் என்று எழுதி அனுப்புவார்கள். தடையில்லாச் சான்றில் வரும் உயரமோ மாடிப்படி ஹெட்ரூம், கைப்பிடிச் சுவர், தண்ணீர்த் தொட்டி எல்லாம் சேர்த்து. 7 மீட்டருக்குச் சான்று வாங்கி, மேலே தொட்டி வைத்தால் அதுவே விதிமீறல். தண்டனை இரண்டாண்டு சிறைவரை, அல்லது ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். பஞ்சாயத்து பிளான் அப்ரூவல் இதற்கு ஈடாகாது.

சட்டப்படி விண்ணப்பத்தை வாங்கும் அதிகாரி அதை ஆணையத்துக்கு அனுப்ப 15 நாள், அங்கே 2 மாதம், அவரிடமே திரும்பி வந்து முடிவாக 1 மாதம். மூன்றரை மாதம் கணக்கில் வைத்துக்கொண்டு கொத்தனாருக்கு முன்பணம் கொடுங்கள்.

மத்தியப் பட்டியலில் உள்ள சின்னங்களுக்கு இது உருப்படியான சேவை. பட்டியலில் இல்லாததற்குச் செயலிக்குக் கண்ணே கிடையாது. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் வழவழவென்று தீட்டிய புதிய கற்காலக் கோடரிகள் கிடைத்திருக்கின்றன. ஊர்க்கோயில்களில் சாமியாகவே அவை கும்பிடப்பட்டதும் உண்டு. அங்கே ரிசார்ட்டுக்கு மண் வெட்டுகிறவர் செயலியைத் திறந்தால் தடையில்லை என்றுதான் வரும். அதற்கு அர்த்தம், 300 மீட்டருக்குள் மத்தியப் பட்டியல் சின்னம் எதுவுமில்லை என்பது மட்டுமே. மாநிலப் பட்டியலைத் தனியாகப் பார்க்க வேண்டும். மலைப்பகுதிக் கட்டடங்களுக்கு வாங்கும் ஹாகா (மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமம்) அனுமதி மலைச்சூழலுக்கானது, தொல்பொருளுக்கல்ல.

ஜேசிபி வாளியில் முதுமக்கள் தாழி ஓடோ கல்லாயுதமோ வந்தால் கழுவாமல், கிடந்த இடத்தை போட்டோ எடுத்து, வேலையை நிறுத்திவிட்டு தாசில்தாரிடம் எழுதிக் கொடுங்கள். மண்ணுக்குள் கிடைக்கும் புதையலுக்கு இன்றும் 1878-ஆம் ஆண்டுச் சட்டம்தான். பத்து ரூபாய்க்கு மேல் மதிப்பிருந்தாலே கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும்.