சத்தம் அமுக்கும் ஹெட்போன்: எங்க ஊரில் எட்டு மாதம்

பிராண்டு பேரைச் சொல்லப் போவதில்லை, கொஞ்சம் திட்டவும் போகிறேன், எதற்கு வம்பு. தலைக்கு மேல் வளைந்து இரண்டு காதையும் முழுசாக மூடுகிற ரகம், புளூடூத், 8,500 ரூபாய்க்குக் கொஞ்சம் கீழே, ஆன்லைனில் வாங்கியது. வாங்கும் முன் நான் படித்த விமர்சனங்கள் எல்லாம் விமானத்திலும் மெட்ரோவிலும் போட்டுப் பார்த்தவர்கள் எழுதியவை. கன்னியாகுமரி மாவட்டத்தில் திருவட்டாறு பக்கம் ஒரு ஊரில், இந்தப் பக்கம் அம்மன் கோயில், அந்தப் பக்கம் சர்ச், நடுவில் வீடு என்று இருக்கிறவன் எவனும் எழுதவில்லை.

வேலை பெங்களூர் கம்பெனிக்கு, உட்காருவது அப்பாவின் பழைய அறையில். மேசைக்கு வலதுபக்கம் ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே மதில், மதிலுக்கு அப்பால் பெரியம்மை வீடு (பெரியம்மாவை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்). காலையில் மீன்காரர் பைக் ஹாரன், அதன்பின் சாளை என்ன விலை என்று மதில் மேலேயே ஒரு கூட்டம், பிறகு சர்ச் மைக்கில் அறிவிப்பு, சாயங்காலம் கோயிலில் பாட்டு. டிசம்பர் வந்தால் ராத்திரி கேரல் பாட்டு. கொடை, அதாவது கோயில் திருவிழா, என்றால் மூன்று நாள், வில்லுப்பாட்டு, சிங்காரி மேளம், எல்லாம். ஒருமுறை மீட்டிங்கில் இருந்த ஹைதராபாத்காரர் "உங்கள் வீட்டில் கல்யாணமா?" என்று கேட்டார். பெரியம்மை மீன்காரரிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான்.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன், பலர் இதில்தான் ஏமாறுகிறார்கள், நானும் ஏமாந்தேன். சத்தம் அமுக்கும் வசதி உங்கள் காதுக்கு மட்டும்தான். நீங்கள் பேசும்போது எதிர்முனைக்கு என்ன கேட்கும் என்பது மைக்கைப் பொறுத்தது. ஹைதராபாத்காரருக்கு இப்போதும் பெரியம்மை கேட்கிறாள். எனக்குத்தான் கேட்கவில்லை.

வேலை செய்கிற விதம் எளிது. வெளியே இருக்கிற குட்டி மைக் சத்தத்தைப் பிடிக்கும், அதற்கு நேர் எதிரான அலையை ஹெட்போன் உள்ளே உண்டாக்கும், இரண்டும் மோதி ஒன்றை ஒன்று தின்றுவிடும். ஒரே மாதிரி விடாமல் ஓடுகிற அடித்தொண்டைச் சத்தத்துக்கு இது பிரமாதம். ஃபேன், ஜெனரேட்டர், மார்த்தாண்டம் பஸ்ஸின் எஞ்சின் எல்லாம் சுவிட்ச் போட்ட மாதிரி நின்றுவிடும். தகரக் கூரையில் மழை பெய்தால் பாதி போகும், நமக்குத்தான் இரண்டு பருவமழையும் உண்டே, அதனால் அது பெரிய விஷயம். ஆனால் திடீரென்று வருகிற சத்தத்திடம் இது தோற்றுவிடும். கொடை வெடிக்கு ஒன்றும் செய்யாது. செண்டை மேளம் காது வழியாகவே வருவதில்லை, நெஞ்செலும்பு வழியாக வருகிறது, அதற்கு எந்தக் கம்பெனியும் மருந்து கண்டுபிடிக்கவில்லை. மனுஷர் குரலையும் அது முழுசாக அமுக்காது. பாட்டு எதுவும் ஓடாமல் சும்மா மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் ஃபேன் சத்தம் போய்விடும், "எலே, உள்ளதான் இருக்கியா?" மட்டும் முன்னைவிடத் தெளிவாகக் கேட்கும். பாட்டோ மீட்டிங்கோ ஓடினால்தான் அதுவும் போகும்.

ஏன் இவ்வளவு செலவு, புகார் கொடுக்கலாமே என்று நண்பன் கேட்டான். விதி இருக்கிறது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிப்படி இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது, குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. சரி, யார் மேல் கொடுப்பது? விழாக் கமிட்டித் தலைவர் எனக்குச் சித்தப்பா முறை, பொருளாளர் பத்தாம் வகுப்பில் என் பக்கத்தில் இருந்தவன், விழா வரி ரசீதில் என் பேரும் இருக்கிறது. அப்பா போனபிறகு தலைக்கட்டுக் கணக்கில், அதாவது வரி கொடுக்கிற குடும்பங்களின் பட்டியலில், அவர் பேரை அடித்து என் பேரை எழுதினார்கள். அந்த நோட்டில் என் பேரைப் பார்த்தபோது ஒரு மாதிரி இருந்தது, பெருமையா பயமா தெரியவில்லை.

வீட்டுக்குள் போடுவது பிரச்சனையில்லை. முதல் வாரம் சாயா குடிக்கப் போகும்போதும் கழுத்தில் தொங்கவிட்டுப் போனேன், அது தப்பு. "காது கேக்காதாக்கும்?" என்று ஒரு தாத்தா உண்மையிலேயே கவலைப்பட்டுக் கேட்டார். எங்கள் பக்கம் யார் எதிரே வந்தாலும் முதல் கேள்வி "யாருக்க மவன்லே?" என்பதுதான், அதற்குப் பதில் சொல்லாமல் காதை மூடிக்கொண்டு போகிறவனைத் திமிர் பிடித்தவன் என்று சொல்வார்கள், சொல்லவும் சொன்னார்கள். நான் ஆறு வருடம் பெங்களூரில் இருந்தேன், அங்கே அடுத்த பிளாட்டில் இருந்தவர் பேர் கடைசிவரை எனக்குத் தெரியாது. அது சுகமாகத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. காய்ச்சலில் நான்கு நாள் படுத்தபோதுதான் சுகமாக இல்லை.

ஐந்தாவது மாதம். ஒரு செவ்வாய்க்கிழமை இரண்டு மணி நேர மீட்டிங் முடிந்து ஹெட்போனைக் கழற்றிவிட்டு வெளியே வந்தால் பெரியம்மை வீட்டு முற்றம் முழுக்கச் சேறு. கிணற்று மதில் மேல் நனைந்த வடம் கிடக்கிறது. கன்றுக்குட்டி, உடம்பெல்லாம் நடுங்கிக்கொண்டு, வாழைமூட்டில் நிற்கிறது, அதன் மேல் யாரோ துவர்த்துத் துண்டைப் போர்த்தியிருக்கிறார்கள். விழுந்து, ஆள் இறங்கி, ஊர் கூடி இழுத்து, கட்டன் சாயா குடித்து, எல்லாரும் கலைந்தும் போயாகிவிட்டது. என் ஜன்னலில் இருந்து அந்தக் கிணறு முப்பது அடி. பெரியம்மை மூன்று தடவை "மக்களே" என்று மதிலில் நின்று கூப்பிட்டிருக்கிறாள். அம்மை ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். "கேக்கல பெரியம்மே" என்றேன். "நீ வேலையில இருந்த இல்லா, அதான் பிறகு விளிக்கல" என்றாள், கோபமே இல்லாமல். திட்டியிருக்கலாம். 2017-ல் ஒக்கி புயல் அடித்த அன்று எங்கள் வீட்டு ஓட்டின் மேல் விழுந்த அயனி மரத்தை அறுத்து எடுத்தவர்கள் இதே ஆட்கள், அன்றைக்கு யாரையும் மூன்று தடவை கூப்பிட வேண்டியிருக்கவில்லை.

அதற்காக ஹெட்போனைத் தூக்கிப் போட்டேனா என்றால் இல்லை, மறுநாளும் போட்டேன். அந்த இரண்டு மணி நேரம் எனக்கு வேண்டும். இந்த ஊரில் என் வீட்டுக்குள்ளும் யாரும் என்னைத் தனியாக விடுவதில்லை, அதற்குள் ஒரு கதவு 8,500 ரூபாய்க்குக் கிடைக்கிறது என்றால் விலை அதிகமில்லை.

வெளிச்சத்தத்தை உள்ளே விடுகிற மோடு ஒன்று இருக்கிறது. அதைப் போட்டால் பெரியம்மை தகர டப்பாவுக்குள் இருந்து பேசுகிற மாதிரி கேட்கிறாள், காற்றடித்தால் ஒரே இரைச்சல். இரண்டு நாளில் விட்டுவிட்டேன். பேட்டரி 40 மணி நேரம் என்று பெட்டியில் போட்டிருக்கிறது, எனக்கு 30 வருகிறது, போதும். அமுக்கும் வசதியை நெடுநேரம் போட்டால் காதுக்குள் மலை ஏறுகிற மாதிரி ஒரு அடைப்பு, சிலருக்கு ஒத்துக்கொள்ளாது, வாங்கும் முன் யாருடையதையாவது அரை மணி நேரம் மாட்டிப் பாருங்கள்.

பெரிய குறை இயர்பேட், காதை மூடுகிற மெத்தை. நம் ஊர் வேர்வைக்கும் ஈரத்துக்கும் அந்த ரெக்சின் தாங்காது, ஏழாவது மாதமே கறுப்புச் செதில் செதிலாக உரிந்து கன்னத்தில் ஒட்டுகிறது. சர்வீஸ் சென்டரில் கேட்டால் வாரண்டியில் வராது என்று விட்டார்கள். நாகர்கோவிலில் ஒரு கடையில் வேறு கம்பெனி ஜோடி 450 ரூபாய்க்குக் கிடைத்தது. உரிந்தது இடதுபக்கம் மட்டும்தான். வலதுபக்கப் பேட் புதுசு மாதிரி இருக்கிறது, கன்றுக்குட்டி விழுந்த நாளில் இருந்து அதைக் காதுக்குப் பின்னால் தள்ளி வைத்துத்தான் உட்காருகிறேன், ஜன்னல் அந்தப் பக்கம்.