‘ஸ்கோபஸ் கேரண்டி’ என்று வருபவரிடம் மாநாட்டைக் கொடுத்துவிடாதீர்கள்

கோவைப் பக்கம் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் வேலை பார்க்கிறேன். போன வருஷம் எங்கள் துறை நடத்திய சர்வதேச மாநாட்டுக்கு நான்தான் கன்வீனர். அதனால் நடந்ததில் பாதித் தப்பு என்னுடையது. அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

தலைப்பு ரெசிலியன்ட் சிஸ்டம்ஸ். எங்காவது ஓரிடத்தில் அடி விழுந்தாலும் மொத்தமும் படுத்துவிடாதபடி மின்கட்டமைப்பையும் நெட்வொர்க்கையும் எப்படி அமைப்பது என்பதுதான் விஷயம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் கரண்டும் போனும் சேர்ந்தே போனபோது நான் அங்கேதான் இருந்தேன். ஆசைப்பட்டுத் தேர்ந்தெடுத்த தலைப்பு.

கல்லூரிகளுக்குத் தரச் சான்று கொடுக்கும் நாக் குழு வருவதற்குள் மாநாடு முடிய வேண்டும் என்றது நிர்வாகம். கையில் இருந்தது ஐந்து மாதம். அந்த நேரம் பார்த்து ஒருவர் வந்தார். விசிட்டிங் கார்டில் ‘பப்ளிகேஷன் பார்ட்னர்’ என்று இருந்தது. வேறு கல்லூரிகளில் பொன்னாடை போர்த்திக்கொண்டு நிற்கும் படங்களைக் காட்டினார். “மேடம், நீங்க ஹாலும் சாப்பாடும் பார்த்துக்கோங்க. பேப்பர், ரிவ்யூ, ஸ்கோபஸ் எல்லாம் என் பொறுப்பு.” ஸ்கோபஸ் என்பது ஆய்விதழ்களையும் மாநாட்டுத் தொகுப்புகளையும் தேர்ந்தெடுத்துப் பட்டியலிடும் தரவுத்தளம். அப்பாடா என்றிருந்தது எனக்கு.

கட்டுரைக்கு 8,500 ரூபாய் பதிவுக் கட்டணம். அதில் 5,500 அவருக்கு. பணம் அவருடைய கணக்குக்கே போகட்டும், மீதியைக் கல்லூரிக்கு அனுப்புகிறேன் என்றார். கட்டுரைகள் வந்து சேரும் தளத்தின் பாஸ்வேர்டும் அவரிடம். கட்டுரைகளைத் தொகுப்பாக வெளியிடும் பதிப்பகத்தோடு பேசுவதும் அவரே. ஒரே புள்ளியில் எல்லாம் தொங்கக் கூடாது என்று வருஷா வருஷம் போர்டில் எழுதிப்போடுகிறவள் செய்த காரியம் இது.

முதல் மணி அடித்தது அழைப்பிதழில். அவர் அச்சடித்த பிரசுரத்தில் சிறப்புரையாளர் என்று ஒரு வெளிநாட்டுப் பேராசிரியரின் படம் இருந்தது. விசா வேலை இருக்குமே என்று நானே அவருக்கு மின்னஞ்சல் எழுதினேன். கருத்தரங்க விசா என்றால் அழைப்புக் கடிதம் மட்டும் போதாது, உள்துறை அமைச்சகம், வெளியுறவு அமைச்சகம் என்று அனுமதிக்கு அலைய வேண்டும். பதில் இரண்டே வரி: இப்படி ஒரு மாநாடு நடப்பதே எனக்குத் தெரியாது, என் படத்தை எடுத்துவிடுங்கள். நம்ம ‘பப்ளிகேஷன் பார்ட்னரை’க் கேட்டால், “செக்ரெட்டரி மறந்திருப்பாங்க மேடம், ஜூமில் வேற ஆளைப் போட்டுடலாம்.” அன்றைக்கே நிறுத்தியிருக்கலாம். பேனர் அடித்தாகிவிட்டது, கரஸ்பாண்டென்ட்டிடம் தேதி சொல்லியாகிவிட்டது என்று விட்டுவிட்டேன்.

பதிவானவை 112 கட்டுரைகள். ரிவ்யூ அறிக்கைகளை ஒருநாள் வற்புறுத்தி வாங்கிப் பார்த்தேன். எழுபதுக்கும் மேற்பட்டவற்றில் ஒரே வாசகம்: நல்ல முயற்சி, ஆங்கிலத்தைச் சரிபார்க்கவும், கீழ்க்கண்ட ஐந்து கட்டுரைகளை மேற்கோள் காட்டவும். ஐந்திலும் ஒரே ஆசிரியர் பெயர். ஒரு கட்டுரையில் ஆர்ட்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ் வரவேண்டிய இடத்திலெல்லாம் ‘கவுண்டர்ஃபீட் கான்ஷியஸ்னஸ்’ என்று இருந்தது. காப்பி அடித்தது தெரியாமல் இருக்க மென்பொருளில் போட்டு வார்த்தைகளை மாற்றினால் இப்படித்தான் வரும். பிரான்ஸைச் சேர்ந்த கியோம் கபனாக்கும் கூட்டாளிகளும் 2021-லேயே இந்த மாதிரிச் சொற்களைத் திரட்டிக் காட்டியிருக்கிறார்கள். 2022-ல் ஐஓபி பதிப்பகம் இரண்டு மாநாடுகளின் 350 கட்டுரைகளை ஒரே மூச்சில் வாபஸ் வாங்கியதும் ஞாபகம் வந்தது. அன்றிரவு தூக்கம் இல்லை.

மாநாடு என்னவோ நடந்தது. குத்துவிளக்கு, நினைவுப் பரிசு, மதியம் பிரியாணி. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

ஆறு மாதம் கழித்து அவர் ஒரு பிடிஎஃப் அனுப்பினார். அட்டையில் எங்கள் கல்லூரி முத்திரை, உள்ளே ஓர் ஐஎஸ்பிஎன். “பப்ளிஷ் ஆயிடுச்சு மேடம்.” ஐஎஸ்பிஎன் என்பது புத்தகத்துக்கு ஓர் எண், அவ்வளவுதான். நம் நாட்டில் அது இலவசமாகவே கிடைக்கும். அதற்கும் ஸ்கோபஸுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஒவ்வொரு கட்டுரைக்கும் கீழே டிஓஐ எண் வேறு போட்டிருந்தார், அதாவது இணையத்தில் அந்தக் கட்டுரையை அடையாளம் காட்டும் நிரந்தர எண். முதல் பத்தை டிஓஐ தளத்தில் போட்டுப் பார்த்தேன். பத்துக்கும் அப்படி ஓர் எண்ணே இல்லை என்று வந்தது. கடைசியில், தீசிஸ் கொடுக்கக் காத்திருந்த ஓர் ஆய்வு மாணவி பதிப்பகத்துக்கே நேரடியாக எழுதிக் கேட்டாள். இந்த மாநாட்டிலிருந்து எங்களுக்கு விண்ணப்பமே வரவில்லை என்று பதில். அவர் எங்களிடம் காட்டிய ஒப்புதல் கடிதம் உண்மையில் வேறொரு கல்லூரிக்கு வந்த கடிதம். மாநாட்டின் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்.

காவல் நிலையத்தில் இது சிவில் விவகாரம் என்றார்கள். எழுத்துபூர்வமான ஒப்பந்தம் கேட்டார்கள். எங்களிடம் இருந்தது வாட்ஸாப் செய்தி.

மாநாடு நடத்தப் போகிறவர்களுக்கு: ஸ்கோபஸில் எதைச் சேர்ப்பது என்பது அதை நடத்தும் எல்சேவியர் தரப்பின் முடிவு. ஏற்பாட்டாளரோ இடைத்தரகரோ அதற்கு வாக்குக் கொடுக்கவே முடியாது. கொடுத்தால் அங்கேயே எழுந்துவிடுங்கள். தொகுப்பாசிரியராகப் பதிப்பகத்துக்கு நீங்களே எழுதுங்கள், ஒப்பந்தத்தில் நீங்களே கையெழுத்துப் போடுங்கள். பதில் பதிப்பகத்தின் சொந்த மின்னஞ்சலிலிருந்து உங்களுக்கே வர வேண்டும், ஃபார்வர்டு ஆகி வந்தது கணக்கில்லை. பணம் கல்லூரிக் கணக்கைத் தாண்டி எங்கும் போகக் கூடாது. கட்டுரைகளை வாங்குவது ஈசிசேரோ சிஎம்டியோ, எந்தத் தளமானாலும் அட்மின் உங்கள் துறை ஆளாக இருக்கட்டும்.

கட்டுரை அனுப்புகிறவர்கள், அழைப்பிதழில் இருக்கும் சிறப்புரையாளருக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுப் பாருங்கள். செலவில்லாத சோதனை.

போன வாரம் வாட்ஸாப்பில் வேறொரு மாநாட்டின் பிரசுரம் வந்தது. அதே ஆளின் எண். ஆலோசனைக் குழுவில் என் பெயரும் படமும். அந்தக் கல்லூரிக்கு எழுதிவிட்டேன், இன்னும் பதில் இல்லை.

எங்கள் மாநாட்டில் பணம் கட்டியவர்கள் ரசீதோடு துறை மின்னஞ்சலுக்கு எழுதுங்கள். கல்லூரிக்கு வந்து சேர்ந்த 3,000 ரூபாயைத் திருப்பித் தர நிர்வாகம் ஒப்புக்கொண்டிருக்கிறது. 41 பேருக்குக் கொடுத்தாயிற்று. மீதி 5,500-க்கு வக்கீல் நோட்டீஸ் போயிருக்கிறது.